நாலாவது குடித்தனத்தின் வாசல்

அத்தியாயம் 6

"செத்தது யாரு?" என்று கேட்டார் சூடாமணி.

"யாரும் சாகலம்மா," என்றார் பரமசிவம்.

"யாரையாவது கடத்திண்டு போயிட்டாளா?"

"அதுவும் இல்ல."

"பின்னே எதுக்கு ஆட்டோ அனுப்பி என்னைக் கூப்பிட்டேள்?"

பரமசிவம் பூட்டியிருந்த ஓர் அறையைக் காட்டினார். "உள்ள ஒரு பெட்டி இருக்குதும்மா. பெட்டிக்குள்ள நாலு பேர் குடியிருக்காங்க. அதுல ஒருத்தரு ஞாயித்துக்கிழமைலேர்ந்து யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லமாட்டேன்றாரு."

ராஜவேலு மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தான். துப்பறியும் தொழிலில் எல்லா வகை ஆட்களையும் பார்க்கவேண்டித்தான் வரும். ஆனால் பெட்டிக்குள் நாலு பேரை வைத்துப் பூட்டியிருக்கிறேன் என்று ஒருவர் சிரிக்காமல் சொன்னால், ஓடுவதற்குத் தோதான இடத்தில் நின்றுகொள்வது நல்லது.

சூடாமணி முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணக்குச் சொல்லித்தருவதைவிட, பரீட்சையில் காப்பியடிக்கிறவர்களைப் பிடிப்பதில் ருசி கண்டு வேலையை விட்டவர். சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு காபித்தூள் கடை மாடியில் அவருடைய துப்பறியும் நிலையம் இருந்தது. கீழே அரைவை மெஷின் ஓடினால் மேலே மேசை நடுங்கும். வருகிறவர்கள் தாங்கள்தான் நடுங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு உண்மையைக் கக்கிவிடுவார்கள். ராஜவேலு அங்கே உதவியாளன், ஓட்டுநர், கணக்கப்பிள்ளை எல்லாம். பேச்சுத் துணையும் அவன்தான். அதற்குச் சம்பளம் கிடையாது.

"மேடம், இது நம்ம கேஸ் இல்ல. வேலூர் மனநல டாக்டர் கேஸ்," என்று காதோரம் சொன்னான்.

"அவர் சர்வரைச் சொல்றார்," என்று ஒரு மெல்லிய குரல் வந்தது.

அறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மானஸா உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். கண்கள் சிவந்திருந்தன. மடியில் இருந்த சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. பரமசிவத்தின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பரமசிவம் ஜரிகை வியாபாரி. மைத்துனர் பேச்சைக் கேட்டு ஒரு பெரிய கம்ப்யூட்டரை வாங்கிப்போட்டு, காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளின் இன்டர்நெட் கடைகளை அதில் வாடகைக்கு வைத்திருந்தார். 2009-ல் காஞ்சிபுரத்தில் அது பெரிய புதுமை.

"விளக்கமாச் சொல்லும்மா," என்றார் சூடாமணி. "எனக்கு கம்ப்யூட்டர்னா டிக்கெட் ரிசர்வ் பண்றதோட சரி."

"வெளியில பாத்தா ஒரே மெஷின்தான் மாமி. லினக்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர் ஓடறது. அதுக்குள்ள நாலு சர்வர் வச்சிருக்கோம். நிஜத்துல தனி மெஷின் கிடையாது. ஆனா ஒவ்வொண்ணும் தன்னைத் தனி மெஷின்னுதான் நெனச்சிண்டிருக்கு."

"ஒண்டுக்குடித்தனம்."

"அதேதான். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஒரு வாசல். அதைத்தான் நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்னு சொல்றோம். நாலு வாசலும் ஒரு பொது நடையில திறக்கும். நடை வழியா தெருவுக்குப் போகலாம், வரலாம். மூணு குடித்தனத்துக்குப் போக்குவரத்து நன்னா இருக்கு. நாலாவதுக்குத்தான் யாரும் போகவும் முடியல, வரவும் முடியல."

"அந்த நாலாவது என் கடை!" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

தணிகாசலம் வந்துவிட்டார். பட்டுக் கடை முதலாளி. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். "சிங்கப்பூர்லேர்ந்து கஸ்டமர் போன் பண்ணி, கடைய மூடிட்டீங்களாமே, மனச தேத்திக்கங்கன்னு துக்கம் விசாரிக்கிறாரும்மா! இதெல்லாம் இந்தப் பொண்ணு வேலை. இவளுக்கு நிச்சயம் ஆயிருக்கிற பையன் ஸ்ரீவர்தன், முன்ன இங்கதான் வேல செஞ்சிக்கினு இருந்தான். இப்ப மெட்ராஸ்ல இதே தொழில் பண்ற கம்பெனிக்குப் போயிட்டான். என் கடைய முடக்கினா நான் எங்க போவேன்? அவங்கிட்டதான் போவேன். சாயங்காலம் ஸ்டேஷன்ல இவ பேர்ல கம்ப்ளெயின்ட் குடுக்கப் போறேன்."

"நான் எதையும் தொடலை மாமி," என்றாள் மானஸா. "ஞாயித்துக்கிழமை மத்தியானத்துலேர்ந்து என்னை அறைக்குள்ளயே விடலை. என்ன கோளாறுன்னு பாக்கக்கூட விடமாட்டேங்கறா."

"திருடங்கிட்டயே சாவியக் குடுப்பாங்களா?" என்றார் பரமசிவம். "அவகிட்ட இருந்த சாவியயும் வாங்கிட்டேன். காலைல ஸ்ரீவர்தனோட அம்மாவுக்கும் போன் போட்டு, போலீஸ் வரைக்கும் போகும்னு விஷயத்தச் சொல்லிட்டேன். நாளைக்கு அவங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு. தெரியவேணாமா?"

மானஸா தலையைக் குனிந்துகொண்டாள். "அவா கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம்னு சொல்லிட்டா."

ராஜவேலுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குற்றம் நடந்ததா என்றே தெரியவில்லை, அதற்குள் தண்டனையைப் போன் போட்டுச் சொல்லிவிட்டார் மனுஷர். வாயில் வந்ததை விழுங்கினான். வந்திருப்பது அவர் ஆட்டோவில். திரும்பிப் போகவேண்டியதும் அதில்தான்.

"கதவைத் திறங்கோ," என்றார் சூடாமணி. "நீயும் உள்ள வாம்மா."

அறைக்குள் குளிர்சாதனம் ஓடியது. ஆனாலும் வாசனை என்னவோ கோவில் வாசனைதான். ஞாயிற்றுக்கிழமை ஆயுத பூஜை நடந்திருந்தது. மாவிலை காய்ந்து தொங்கியது. வாழையிலையில் பொரியும் கடலையும் குவிந்திருந்தன. மூலையில் ஒரு பூசணிக்காய் உடைபடாமல் உட்கார்ந்திருந்தது. பரமசிவம் எதையும் விட்டுவைக்கவில்லை. மின்விசிறி, மோடம், யூ.பி.எஸ்., கீபோர்டு, சுவரில் இருந்த பல்லிக்கு எதிரே இருந்த சுவிட்ச் போர்டு, எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் இட்டிருந்தார். பல்லி மட்டும் தப்பித்திருந்தது.

சூடாமணி ஒரு கைப்பிடிப் பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

"மேடம், அது தடயம்."

"நமுத்துப்போச்சு," என்றார் சூடாமணி மென்றபடி. "மானஸா, நாலாவது குடித்தனக்காரன் உயிரோட இருக்கானா பாரு."

மானஸா கீபோர்டில் இருந்த குங்குமத்தை ஊதிவிட்டு உட்கார்ந்தாள். தெரு வழியாகப் போகமுடியாத வீட்டுக்கு, கட்டடத்துக்காரர் மட்டும் எட்டிப்பார்க்க ஒரு ஜன்னல் உண்டு என்று சொல்லிக்கொண்டே தட்டினாள். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின.

"உயிரோட இருக்கு! கடை, புடவைப் படம், விலை எல்லாம் பத்திரமா இருக்கு. ஆனா..." அவள் இன்னொரு கட்டளை தட்டினாள். "வாசல் இல்லை மாமி. எத்தனை இன்டர்ஃபேஸ் இருக்குன்னு கேட்டா, லோ-ன்னு ஒண்ணை மட்டும்தான் காட்டறது. அது எல்லா மெஷின்லயும் இருக்கும். மெஷின் தன்னோட தானே பேசிக்கறதுக்கு."

"பாவம், ரெண்டு நாளா தனியாப் பேசிக்கினு இருக்குதா?" என்றான் ராஜவேலு.

சூடாமணியின் கண்கள் மின்னின. "அறை பூட்டியிருக்கு. உள்ள ஆள் சௌக்கியம். சாமான் எதுவும் போகலை. வாசலை மட்டும் பேத்து எடுத்துண்டு போயிருக்கான். இது எந்த ஊர்த் திருடன்?"

"தச்சனா இருப்பான் மேடம்."

"திருட வந்தவன் நாலையும் முடக்கியிருக்கலாம். இல்லேன்னா கடையையே அழிச்சிருக்கலாம். ஒரே ஒரு வாசலை மட்டும் எடுப்பானேன்? பரமசிவம், இந்தப் பெட்டியைக் கடைசியா எப்ப நிறுத்தினேள்?"

பரமசிவம் நிமிர்ந்தார். "நிறுத்துறதா? ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு தடவகூட நின்னது கிடையாதும்மா! ரெண்டு வருஷமா ஓடிக்கினே இருக்குது. கரண்டு போனாக்கூட யூ.பி.எஸ். தாங்கும். என் விளம்பர போர்டுலயே போட்டிருக்கேன்."

"மெஷினைக் கேட்டா அதே சொல்லுமா?"

மானஸா கேட்டாள். மெஷின் பதில் சொன்னது. அவள் புருவம் சுருங்கியது. "இல்லை மாமி. ஞாயித்துக்கிழமை காலைல ஆரம்பிச்சுத்தான் ஓடிண்டிருக்கு. அதுக்கு முன்னாடி யாரோ நிறுத்தியிருக்கா."

பரமசிவத்துக்கு இருமல் வந்தது. தொண்டையில் பொரி சிக்கியவர்போல் இருமினார். ஆனால் பொரியைத் தின்றது அவரில்லை.

"பாத்தீங்களா!" என்று தணிகாசலம் குதித்தார். "நிறுத்தி, வாசலை எடுத்துட்டு, திரும்ப ஓட விட்டிருக்கா. அறைச் சாவி ரெண்டு பேர்கிட்டதான். ஒண்ணு பரமசிவத்துகிட்ட. இன்னொண்ணு இவகிட்ட. அன்னைக்குக் காலைல சாவி இவ கையிலதான இருந்துது!"

மானஸா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். அவளே தட்டிய கட்டளை அவளுக்கே எதிராகத் திரும்பிவிட்டது. ராஜவேலுவுக்கு அந்த மெஷினை ஓர் உதை விடலாம் போலிருந்தது.

"அந்த ஸ்ரீவர்தனுக்குப் போன் போடு," என்றார் சூடாமணி.

ராஜவேலு போட்டான். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தான்.

"நான் துப்பறியற சூடாமணி பேசறேன். நாலாவது சர்வரோட வாசல் காணாம போயிடுத்து. உனக்கு ஏதாவது தெரியுமா?"

"நாலாவதா?" என்றான் மறுமுனையில் ஸ்ரீவர்தன். "அடடா. மெஷினை யாராவது நிறுத்தினாளா?"

சூடாமணி ராஜவேலுவைப் பார்த்தார். "நிறுத்தினா என்ன ஆகும்?"

"அந்த வாசலை வச்சது நான்தான் மாமி. முறைப்படி என்ன பண்ணணும்னா, இந்தக் குடித்தனத்துக்கு இந்த வாசல்னு ஒரு கோப்புல எழுதி வைக்கணும். மெஷின் ஒவ்வொரு தடவை கண் திறக்கறப்பவும் அதைப் படிச்சுத்தான் வாசல் வைக்கும். நாலாவது சர்வர் துவக்க விழா, நான் அங்க வேலை பாத்தப்போ ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். பரமசிவம் சார் வாட்சைக் கழட்டிக் கையில வச்சிண்டு என் பிடரிக்குப் பின்னாடி நின்னார். இன்னும் மூணு நிமிஷம், ரெண்டு நிமிஷம்னு காதுல எண்ணறார். எழுதறதுக்கு எங்க நேரம்? ஓடிண்டிருக்கிற மெஷின்லயே கையால கட்டளை குடுத்து வாசலை மாட்டிட்டேன். அப்படி மாட்டினா உடனே வேலை செய்யும். ஆனா மெஷின் நிக்கற வரைக்கும்தான்."

"அப்பறமாவது எழுதியிருக்கலாமே?"

"எழுதத்தான் இருந்தேன். வடை பாயசத்தோட சாப்பாடு போட்டா. சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் சாஞ்சேன். அப்படியே மறந்துட்டேன். மெஷின்தான் நிக்கவே இல்லையே, அதனால யாருக்கும் தெரியலை."

போனை வைத்தார்கள். மானஸா தலையில் அடித்துக்கொண்டாள். வருங்காலக் கணவன் சாப்பிட்டுத் தூங்கிய தூக்கத்துக்கு அவள் இரண்டு நாளாக விழித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஆக, வாசலை யாரும் திருடலை," என்றார் சூடாமணி. "மெஷின் நின்னுது. திரும்பக் கண் திறந்துது. எழுதிவச்ச மூணு வாசலை வச்சுது. எழுதாததை விட்டுடுத்து. அவ்வளவுதான்."

"நிறுத்தினது யாருன்னு கேக்கறேன்!" என்றார் தணிகாசலம். "சாவி வச்சிருந்தவதான?"

"ராஜவேலு, இந்த மாதிரிப் பெட்டியை எப்படி நிறுத்துவா?"

மூன்று மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த பெருமையில் ராஜவேலு முன்னால் வந்தான். "ரொம்ப சிம்பிள் மேடம். முன்பக்கம் பவர் பட்டன் இருக்கும். ஒரே ஒரு அமுக்கு. நல்ல பிள்ளையா எல்லாத்தையும் மூடிட்டு நின்னுடும். தோ, இங்க..." அவன் பெட்டியின் முகத்தைத் தடவினான். குனிந்து பார்த்தான். பக்கவாட்டில் பார்த்தான். பின்னால் போய்த் தூசியோடு திரும்பி வந்தான். "மேடம், இந்தப் பெட்டிக்குப் பட்டனே இல்ல."

"அதெப்படி இல்லாம இருக்கும்?" என்றாள் மானஸா. "முன்னாடி நடுவுலதான் இருக்கும்."

நடுவில் இருந்தது ஒரு சந்தனப் பொட்டு. எட்டணா அகலம். காய்ந்து வெடித்திருந்தது.

சூடாமணி அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர்போல் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். பிறகு எழுந்து மின்விசிறியின் பொட்டைப் பார்த்தார். யூ.பி.எஸ்., மோடம், சுவிட்ச் போர்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"மத்ததுக்கெல்லாம் பூப்போலத் தொட்டு வச்சிருக்கு. சந்தனம் உருண்டையா, குங்குமம் நடுவுல, நன்னா இருக்கு. இதுல மட்டும் சந்தனம் அப்பளமா நசுங்கியிருக்கு. ஒரு பொட்டு வச்சு, அது மேலயே இன்னொரு பொட்டும் வச்சிருக்கு. பரமசிவம், ஒரு நெத்திக்கு எதுக்கு ரெண்டு பொட்டு?"

பரமசிவம் கூரையைப் பார்த்தார். அங்கே பல்லி அவரைப் பார்த்தது.

சூடாமணி கைக்குட்டையைக் கூஜாத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தார். மேல் பொட்டு போனது. கீழ்ப் பொட்டு போனது. உள்ளே பச்சை விளக்கோடு வட்டமாகப் பளபளத்தது பவர் பட்டன்.

"மேடம்," என்றான் ராஜவேலு மெதுவாக, "நம்ம கட்சிக்காரரு நமக்கு ஆட்டோ அனுப்புனது அவரையே புடிக்கத்தானா?"

பரமசிவம் பூசணிக்காய் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நல்லா வட்டமா, நட்ட நடுவுல, லட்சணமா இருந்துதும்மா. பொட்டு வக்கிறதுக்குன்னே செஞ்ச மாதிரி! நானும் அழுத்தி வச்சேன். கற்பூரத்தக் கொளுத்தி மணி ஆட்டுறேன், ஓடிக்கினு இருந்த சத்தம் அப்படியே அடங்கிப்போச்சு. ஆயுத பூஜை அன்னைக்கு ஆயுதமே நின்னா எவ்ளோ பெரிய அபசகுனம்! சாமி, ஒரு கொறையும் வக்கமாட்டேன்னு கும்பிட்டு, அதே எடத்துல இன்னொரு பொட்டு வச்சேன். உடனே ஓட ஆரம்பிச்சிடுச்சு. சாமி மன்னிச்சிட்டாருன்னு நெனச்சேன்."

"யார்கிட்டயும் சொல்லலை நீங்க."

"எப்படிம்மா சொல்றது? நின்னதே இல்லன்னு போர்டு வச்சிருக்கேன். மூணு கடை நல்லா ஓடிச்சு. நாலாவதுக்கும் நான் வச்ச பொட்டுக்கும் சம்பந்தம் இருக்கும்னு சத்தியமா தெரியாது."

"தெரியாம பண்ணினது தப்பில்லை," என்றார் சூடாமணி. அவர் குரலில் இப்போது கணக்கு டீச்சர் வந்துவிட்டார். "மறைச்சேளே, அது தப்பு. மறைச்சுட்டு ஒரு பொண்ணு கல்யாணத்துல கை வச்சேளே, அதுக்கு என்ன பேர் வைக்கறதுன்னு எனக்குத் தெரியலை."

தணிகாசலத்தின் குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது. "மன்னிச்சிக்கம்மா. என் கடைய மட்டும் தொறந்து விட்டுடு."

மானஸா திரும்பி உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாள். முதலில் கோப்பைத் திறந்து நாலாவது குடித்தனத்தின் வாசலை ஒழுங்காக எழுதிச் சேமித்தாள். பிறகு, இப்போதே வாசல் வைப்பதற்கான கட்டளையை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். கடைசியில் என்டர் மேல் விரலை வைத்து, அழுத்தாமல் நிறுத்தினாள்.

பரமசிவம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதறி எழுந்தார். "அழுத்தும்மா! இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. மூணு மணிக்கு ராகுகாலம் வந்துடும். இன்னும் அஞ்சு நிமிஷந்தான் இருக்குது!"

"தெரியும் சார்," என்றாள் மானஸா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காலைல யாருக்குப் போன் பண்ணினேளோ, அவாளுக்கு இப்பப் பண்ணுங்கோ. அப்பறம் அழுத்தறேன்."

"அப்புறமா நிதானமா பேசிக்கிறேன்மா."

"ராகுகாலத்துல வாசல் வச்சா எனக்கு ஒண்ணும் இல்லை. உங்களுக்குப் பரவாயில்லையா?"

ராஜவேலுவுக்குக் கைதட்டவேண்டும் போலிருந்தது. பரமசிவம் அவசரமாகப் போனை எடுத்தார். ஒரு தடவை தப்பான நம்பருக்குப் போய், யாரோ மாவு மில்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார். மறுபடி போட்டார். ராஜவேலு எட்டி ஸ்பீக்கரை அழுத்தினான்.

"அம்மா, பரமசிவம் பேசறேன். காலைல சொன்னது தப்பும்மா. அந்தப் பொண்ணு எதுவும் செய்யல. செஞ்சது நான்தான். பூஜையில பொட்டு வச்சேன், மெஷின் நின்னுபோச்சு."

"பொட்டு வச்சா மெஷின் ஏன் நிக்கணும்?" என்றார் ஸ்ரீவர்தனின் அம்மா.

"பட்டன் மேல வச்சிட்டேன்மா."

"பட்டன் மேல எதுக்கு வச்சேள்?"

"நெத்தி மாதிரி இருந்துதும்மா!" கடிகாரத்தைப் பார்த்து அவருக்கு வேர்த்துக் கொட்டியது. "எல்லாம் என் தப்பு. என் விரல் பண்ண தப்பு. அது தங்கமான பொண்ணு. போதுமாம்மா?"

"போதுமாவா? எங்காத்துப் பொண்ணைப் போலீஸுக்கு அனுப்பப் பாத்துட்டு, போதுமாங்கறேளே! எங்காத்து மாட்டுப்பொண் மேல கை வைக்க நீங்க யாரு? நான் இப்பவே பஸ் ஏறி அங்க வரேன்!"

எல்லோரும் மானஸாவைப் பார்த்தார்கள். அவள் போன் பக்கம் குனிந்தாள்.

"மாமி, காலைல வேற மாதிரி சொன்னேளே?"

மறுமுனையில் குரல் இறங்கியது.

"காலைல எனக்கு மூட்டு வலிடி," என்றார் ஸ்ரீவர்தனின் அம்மா. "நீ மத்தியானம் சாப்பிட்டியோ இல்லையோ?"

மானஸா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். மூணு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது என்டரை அழுத்தினாள்.